காற்றைப் பங்கிட்டவர்: ரூடி ஆல்டிக்கின் பந்தய வாழ்வு

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி வீரர் தம் உழைப்பின் மிகப் பெரும்பகுதியைக் காற்றை விலக்குவதற்கே செலவிடுகிறார். வேகம் கூடும்போது இந்தச் செலவு அதே அளவில் கூடுவதில்லை. வேகம் இருமடங்கானால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் எண்மடங்காகிறது. ஆனால் அவருக்கு முன்னே இன்னொருவர் செல்வாராயின், பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இந்த எளிய இயற்பியல் உண்மையே மிதிவண்டிப் பந்தயத்தை ஓட்டப் பந்தயத்திலிருந்தும் நீச்சலிலிருந்தும் வேறுபடுத்தி, அதை உடல் வலிமையின் போட்டியாக மட்டும் நின்றுவிடாமல் மனித உறவுகளின் போட்டியாகவும் ஆக்குகிறது. யார் யாருக்கு முன்னே நின்று காற்றைத் தாங்குகிறார், யார் யாருடைய மறைவில் இளைப்பாறுகிறார், இறுதியில் அந்தக் கடன் திருப்பித் தரப்படுகிறதா என்னும் கேள்விகள் அங்கே எப்போதும் கால்களோடு சேர்ந்தே சுழல்கின்றன.

இந்தக் கேள்விகளைத் தம் தொழில் வாழ்க்கை முழுவதிலும் கூர்மையாக எழுப்பியவர் ஜெர்மானிய வீரர் ரூடி ஆல்டிக் (1937–2016). ஓடுதளத்தில் மும்முறை உலக வாகையர், சாலையில் ஒருமுறை உலக வாகையர், ஸ்பெயின் சுற்றின் வெற்றியாளர், பிரான்ஸ் சுற்றில் எட்டுக் கட்டங்களை வென்றவர் என்று அவரது சாதனைகளைப் பட்டியலிடலாம். பட்டியல் பெரியதுதான், எனினும் அவருடைய காலத்தில் அதைவிடப் பெரிய பட்டியல்களுக்கு உரியோர் பலர் இருந்தனர். ஆல்டிக்கைத் தனியே எடுத்து நோக்கத் தூண்டுவது, தமக்கு வாய்த்த வலிமையை அவர் செலவிட்ட விதம். தனிமனிதன் கடிகாரத்தோடு மட்டும் மோதும் ஓடுதளத்தில் உருவான ஒருவர், எல்லாமே கொடுக்கல் வாங்கலாக இருக்கும் சாலைக்கு வந்தபோது, கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார். அந்தப் பழக்கம் அவரைச் சில உயரங்களுக்கு எட்டாதவராகவும், வேறு சில உயரங்களில் ஒப்பற்றவராகவும் ஆக்கியது.

ஆல்டிக் பிறந்தது 1937 மார்ச் 18 அன்று, ரைன் நதியும் நெக்கர் நதியும் கூடும் தொழில் நகரமான மான்ஹைமில். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கடுமையாகச் சிதைந்த நகரங்களுள் அதுவும் ஒன்று. அவரது பிள்ளைப் பருவம் அந்தச் சிதைவுக்கு நடுவிலும், பதின்பருவம் அதன் மறுகட்டமைப்புக்கு நடுவிலும் கழிந்தன. இரண்டு வயது மூத்த அண்ணன் வில்லி ஆல்டிக் ஏற்கெனவே மிதிவண்டிப் பந்தயங்களில் இறங்கியிருந்தார். தம்பி அவரைப் பின்தொடர்ந்தார். இருவரும் இணைந்து ஓடுதளப் பந்தயங்களில் பங்கேற்கத் தொடங்கினர். பயிற்சியாளர் கார்ல் சீக்லரிடம் அவர் பெற்ற பயிற்சியில் யோகாசனமும் அடங்கியிருந்தது என்பது அக்கால ஐரோப்பியப் பந்தய உலகில் அரிய செய்தி. பந்தயத்துக்கு முன் ஓடுதளத்தின் ஓரத்தில் சிரசாசனத்தில் தலைகீழாக நிற்கும் ஆல்டிக்கின் தோற்றம் செய்தியாளர்களுக்கு விந்தைப் பொருளாயிற்று. மூச்சை ஒழுங்குபடுத்துவதும் பதற்றத்தை அடக்குவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அறிந்தோருக்கு அதில் விந்தை ஏதுமில்லை.

ஓடுதளப் பந்தயம் நடைபெறும் களம் வேலோட்ரோம் எனப்படும். அது நீள்வட்ட வடிவில், வளைவுகளில் செங்குத்தாகச் சரிந்து உயரும் பாதை. பெரும்பாலும் மரப்பலகைகளாலோ காரையாலோ ஆனது. அங்கே ஓட்டப்படும் வண்டிக்குத் தடை இல்லை, பல்சக்கர மாற்றமும் இல்லை. பின்சக்கரம் சுழலும்வரை மிதிகட்டைகளும் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால், மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் ஓடவிடும் வாய்ப்பு வீரருக்குக் கிடையாது. இந்தக் களத்தின் பந்தயங்களுள் துரத்தல் பந்தயம் மிகவும் தூயது. இருவர் ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டால் பந்தயம் அங்கேயே முடியும், இல்லையேல் குறித்த தூரத்தை முதலில் கடந்தவர் வென்றவராவார். அக்காலத்தில் அமெச்சூர்கள், அதாவது ஊதியம் பெறாத வீரர்கள், 4 கிலோமீட்டரும் தொழில்முறை வீரர்கள் 5 கிலோமீட்டரும் ஓட்டினர். எதிரி அரை வட்டத்துக்கு அப்பால் இருப்பதால் அவருடைய முதுகுக்குப் பின்னே மறைந்துகொள்ள முடியாது. காற்று முழுவதும் தனக்கே. சூழ்ச்சிக்கும் உடன்படிக்கைக்கும் இங்கே இடமில்லை. ஆற்றலை எந்த வட்டத்தில் எவ்வளவு செலவிடுவது என்ற ஒரே கணக்கு மட்டும் உண்டு. இறுதிக் கோட்டைக் கடக்கும்போது உடலில் ஏதேனும் மிச்சமிருந்தால் அந்தக் கணக்கு தவறிவிட்டது என்று பொருள்.

இந்தப் பந்தயத்தில் ஆல்டிக் 1959இல் ஆம்ஸ்டர்டாமில் அமெச்சூர் உலக வாகையரானார். அடுத்த ஆண்டு தொழில்முறை வீரராகி, 1960இலும் 1961இலும் அப்பிரிவின் உலகப் பட்டத்தையும் வென்றார். மூன்றாண்டுகளில் மூன்று பட்டங்கள் என்பதைவிடக் கருதத்தக்கது, அவற்றுள் இரண்டாவது பட்டம் கிடைத்த இடம். 1960ஆம் ஆண்டின் உலகப் போட்டிகள் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசில் நடைபெற்றன; ஓடுதளப் போட்டிகள் லைப்சிக்கிலும் சாலைப் போட்டிகள் ஸாக்ஸன்ரிங் சுற்றுப்பாதையிலும் நடந்தன. தொழில்முறை விளையாட்டையே ஏற்காத ஓர் அரசின் மண்ணில், பெர்லின் சுவர் எழுவதற்கு ஓராண்டு முன்பு, மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த தொழில்முறை வீரர் ஒருவர் உலகப் பட்டத்தை வென்றார்.

அதே போட்டிகளின் அமெச்சூர் சாலைப் பந்தயத்தில் நிகழ்ந்தது ஜெர்மானிய விளையாட்டு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றிருக்கிறது. 1958, 1959 ஆகிய இரு ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றிருந்த கிழக்கு ஜெர்மானியர் குஸ்தாவ்-அடோல்ஃப் ஷூர் மூன்றாம் முறையும் வெல்வார் என்று மக்கள் திரண்டு காத்திருந்தனர். இறுதிக் கட்டத்தில் முன்னணியில் இருந்தவர்கள் ஷூர், அவருடைய அணித் தோழர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைன், பெல்ஜியத்தின் வில்லி வாண்டென்பெர்கன். எக்ஸ்டைன் பாய்ந்து முன்னேறியபோது பெல்ஜியரின் கவனமெல்லாம் ஷூர் மீதே இருந்தது. ஷூர் துரத்தவில்லை. தாம் துரத்தினால் பெல்ஜியரும் தம் மறைவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்பதை அறிந்து, அவர் வேகத்தை அடக்கிக்கொண்டார். எக்ஸ்டைன் வென்றார், ஷூர் இரண்டாவதாக வந்தார். ஒரே காலத்தில், ஒரே நாட்டில், மிதிவண்டிப் பந்தயத்தின் இரு முகங்களும் இவ்வாறு வெளிப்பட்டன. லைப்சிக்கின் ஓடுதளத்தில் தன் வலிமையை முழுவதும் தானே செலவிட்டவர் வென்றார். ஸாக்ஸன்ரிங்கின் சாலையில், தன் வலிமையைச் செலவிடாமல் வைத்திருந்ததன் மூலமே ஒருவர் இன்னொருவரை வெல்லச் செய்தார். சாலையில் வலிமை என்பது உடையவருக்கு மட்டும் உரியதன்று என்ற இந்த இரண்டாவது உண்மையையே ஆல்டிக் அடுத்த பத்தாண்டுகளில் கற்கவும் தம் வழியில் திருத்தி எழுதவும் வேண்டியிருந்தது.

எனினும் ஓடுதளத்தில் அவர் கற்றது தனிமையை மட்டும் என்று கொள்வது பிழை. குளிர்காலங்களில் ஐரோப்பிய நகரங்களின் உள்ளரங்குகளில் நடைபெற்ற ஆறுநாள் பந்தயங்கள் அக்கால வீரர்களின் முதன்மையான வருமானங்களுள் ஒன்று. டோர்ட்முண்ட், கொலோன், பெர்லின் போன்ற நகரங்களின் அரங்குகளில் இசையும் உணவும் புகையும் சூழ, இரவு நெடுக நடந்த அந்தப் பந்தயங்களில் வீரர்கள் இருவர் இருவராக ஓர் அணியாவர். ஒருவர் பந்தயத்தில் பாய்ந்துகொண்டிருக்க, மற்றவர் சரிவின் மேற்புறத்தில் மெதுவாகச் சுற்றி இளைப்பாறுவார். மாறவேண்டிய தருணம் வரும்போது, பாய்ந்து வருபவர் இளைப்பாறியவரின் கையைப் பற்றித் தம் உந்தம் முழுவதையும் அவருக்குள் செலுத்துவதுபோல் முன்னே வீசி எறிவார்; வீசப்பட்டவர் அந்த வேகத்தோடு பந்தயத்துக்குள் நுழைவார். இரு கைகளின் அந்தப் பிடிப்பு ஒரு நொடி தவறினாலும் இருவரும் பலகையில் உருள நேரிடும். ஆல்டிக் இத்தகைய ஆறுநாள் பந்தயங்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை வென்றார். ஓடும் வேகத்தில் ஒரு கையால் கைப்பிடியை நிலைநிறுத்தி மறு கையால் இன்னொரு மனிதனை முன்னே செலுத்தும் திறன், இவ்வாறு ஆயிரம் முறை செய்து அவர் உடலில் படிந்தது.

1962இல் அவர் சாலைப் பந்தயத்தின் மையத்துக்கு வந்து சேர்ந்தார். பிரான்சின் ழாக் ஆங்கெத்தில் தலைமை தாங்கிய ஸான்-ரஃபாயேல் அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். ஆங்கெத்தில் அக்காலத்தின் ஒப்பற்ற நேரப் பந்தய வீரர். வீரர்களை ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி, அவரவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு வெற்றியை முடிவு செய்வதே நேரப் பந்தயம். ஒரு மணி நேரத்தில் மிக அதிகத் தூரம் கடந்தவர் என்ற சாதனையை 1956இல் மிலானில் 46.159 கிலோமீட்டர் ஓட்டி அவர் நிகழ்த்தியிருந்தார். பிரான்ஸ் சுற்றை 1957இலும் 1961இலும் வென்றிருந்தார். சாலைப் பந்தய அணியில் தலைவர் ஒருவர், மற்றவர்கள் துணைவர்கள். தலைவருக்கு முன்னே நின்று காற்றைத் தாங்குவது, குடிநீர் கொண்டுவருவது, அவர் வண்டி பழுதானால் தம் வண்டியைக் கொடுப்பது, எதிரிகள் பாய்ந்தால் துரத்திப் பிடிப்பது ஆகியவை துணைவர்களின் கடமைகள். துணைவர் தம் வெற்றி வாய்ப்பைத் தலைவருக்கு விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஈடாகப் பரிசுப் பணத்தில் பங்கும் வேலைப் பாதுகாப்பும் பெறுகிறார். ஆங்கெத்திலின் அணியில் ஆல்டிக் இந்த ஒழுங்குக்குள் ஒருபோதும் முழுமையாக அடங்கவில்லை; அதை முழுமையாக மீறவுமில்லை.

அந்த ஆண்டின் ஸ்பெயின் சுற்றில் இந்த இரட்டை நிலை வெளிப்பட்டது. ஆங்கெத்தில் வெல்வதற்காகவே அணி அங்கே சென்றிருந்தது. ஆயினும் பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னிலை அவர் கைக்கு வரவில்லை; இறுதி நாட்களில் நடந்த நீண்ட நேரப் பந்தயத்தில், அவருடைய சொந்தக் களம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த அந்தக் கலையிலேயே, ஆல்டிக் அவரைச் சொற்ப நேர வித்தியாசத்தில் முந்தினார். ஆங்கெத்தில் பந்தயத்திலிருந்து விலகினார், ஆல்டிக் வென்றார். மூன்று பெருஞ்சுற்றுகளில், அதாவது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் மூன்று வாரங்கள் வரை நீளும் பந்தயங்களில், ஒன்றை வென்ற முதல் ஜெர்மானியர் அவரே. துரத்தல் பந்தயம் கற்பித்த கணக்கு, கடிகாரத்தோடு தனியே மோதும் அந்த ஒரு நாளில் அவருக்குக் கைகொடுத்தது.

சில வாரங்களுக்குப் பின் தொடங்கிய பிரான்ஸ் சுற்றில் அவர் வேறொரு பங்கை ஏற்றார். நீண்ட காலம் தேசிய அணிகளைக் கொண்டு நடத்தப்பட்ட அந்தப் பந்தயம் 1962இல் மீண்டும் வணிக அணிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருந்ததால், ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே சட்டை அணிந்து ஓட்டினர். நான்சியிலிருந்து பெல்ஜியத்தின் ஸ்பா நகருக்குச் சென்ற முதல் கட்டத்தை ஆல்டிக் வென்று, ஒட்டுமொத்த முன்னிலைக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்தார். மேலும் இரு கட்டங்களையும், அன்றாட முடிவிடங்களின் அடிப்படையில் புள்ளிகள் சேர்ப்பவருக்குரிய பச்சைச் சட்டையையும் வென்றார். ஒட்டுமொத்தப் பந்தயத்தை வென்றவர் ஆங்கெத்தில். மலைகளில் ஆல்டிக்கின் பருத்த தசைகள் அவருக்குச் சுமையாயின. ஒவ்வொரு நாளும் எதையாவது செலவிட்டுவிடும் அவரது இயல்பு, மூன்று வாரச் சிக்கனத்துக்கு எதிரானது. பிரான்ஸ் சுற்றை வெல்ல விரும்புபவர் பெரும்பாலான நாட்களில் எதையும் செய்யாமல் இருக்கக் கற்றிருக்க வேண்டும். ஆங்கெத்தில் அதை அறிந்தவர்; ஆல்டிக் அதைக் கற்க விரும்பவுமில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த ட்ரோஃபெயோ பராக்கி என்ற பந்தயமே இருவரின் உறவையும் ஆல்டிக்கின் இயல்பையும் மிக நெருக்கமாகக் காட்டுகிறது. வட இத்தாலியில் நடைபெற்ற அது இருவர் இணைந்து ஓட்டும் நேரப் பந்தயம். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். முடிவிடம் பெர்காமோ நகரின் ஓடுதளம். இருவரும் மாறி மாறி முன்னே சென்று காற்றைத் தாங்க வேண்டும். உலகின் தலைசிறந்த நேரப் பந்தய வீரரும் முன்னாள் துரத்தல் வாகையரும் இணைந்ததால் வெற்றி எளிது என்றே கருதப்பட்டது. பந்தயத்தின் பிற்பகுதியில் ஆங்கெத்திலின் உடல் கைவிட்டது. முதலில் அவர் முன்னே வரும் முறைகள் குறுகின. பின்னர் முன்னே வருவதே நின்றது. அதன்பின் ஆல்டிக்கின் மறைவில் நிலைத்திருப்பதே அவருக்கு அரிதாயிற்று. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே வெளி விழுந்தபோதெல்லாம் ஆல்டிக் வேகத்தைக் குறைத்துப் பின்னுக்கு வந்து, ஆங்கெத்திலின் முதுகில் கையை வைத்து முன்னே தள்ளி, மீண்டும் தாமே பாய்ந்து அவருக்கு முன்னே சென்று காற்றை ஏற்றார். தள்ளுவதும் முந்துவதும் இழுப்பதுமாக இது கிலோமீட்டர் கிலோமீட்டராகத் தொடர்ந்தது. இடையிடையே அவர் தோழரை உரத்துக் கடிந்துகொண்டும் இருந்தார். ஓடுதளத்தின் வாயிலில் ஆங்கெத்தில் வளைவைத் திருப்ப இயலாமல் மோதி, குருதி வழிய விழுந்தார். நேரம் ஏற்கெனவே வாயிலில் குறிக்கப்பட்டுவிட்டதால் வெற்றி அவர்களுடையதே ஆயிற்று. வித்தியாசம் 9 நொடிகள்.

இந்த நிகழ்வை ஆங்கெத்திலின் தோல்வியாகவும் ஆல்டிக்கின் மேன்மையாகவும் மட்டும் சொல்வது அதன் முழுப் பொருளை எட்டாது. தள்ளிய அந்தக் கை ஆறுநாள் பந்தயங்களின் கை. தனித்து ஓடும் துரத்தல் பந்தயத்தின் மூச்சும், தோழனை முன்னே வீசும் இணைப்பந்தயத்தின் கையும் ஒரே உடலில் ஒன்றுசேர்ந்த மணி நேரம் அது. இரண்டில் எது இல்லாதிருந்தாலும் அந்தப் பந்தயம் தோற்றுப்போயிருக்கும். கோபம் இருந்தது, கூச்சல் இருந்தது. ஆனால் கை விலகவில்லை. தோழமை என்பது இனிய உணர்ச்சி என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது ஒரு திருத்தம்: எரிச்சலோடும் களைப்போடும் செய்யப்பட்டபோதும், செய்யப்பட்ட உதவி உதவியே. அதோடு, பராக்கியின் விதிப்படி இருவரும் சேர்ந்து வந்தால்தான் நேரம் கணக்கில் கொள்ளப்படும். எனவே ஆல்டிக் தம் வெற்றியையும் சேர்த்தே தள்ளிக்கொண்டிருந்தார். தன்னலமும் பிறர்நலமும் பிரித்தெடுக்க முடியாமல் கலந்திருக்கும் இந்த நிலையே மிதிவண்டிப் பந்தயத்தின் ஒழுக்கவியல் அடிப்படை எனலாம்.

1964இன் பிளாண்டர்ஸ் சுற்று அதே வலிமையின் மறுபக்கத்தைக் காட்டியது. பெல்ஜியத்தின் கல் பாவிய சாலைகளிலும் குறுகிய செங்குத்தான ஏற்றங்களிலும் நடைபெறும் அந்த ஒருநாள் பந்தயத்தில், முடிவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் இருக்கும்போதே ஆல்டிக் தனியே பிரிந்து சென்றார். முறையான அறிவு அதைத் தற்கொலைக்கு ஒப்பானது என்றே சொல்லும்; துரத்தி வரும் குழு முறைவைத்துக் காற்றைப் பகிர்ந்துகொள்ள, தப்பிச் செல்பவர் முழுவதையும் தாமே தாங்க வேண்டும். ஆல்டிக் 5 கிலோமீட்டர் துரத்தல் பந்தயத்தைப் பன்னிரண்டு மடங்கு நீட்டி ஓட்டியவர்போல் ஓட்டி, இரண்டாவதாக வந்தவருக்கு நான்கு நிமிடங்களுக்கும் மேல் முன்னதாக முடிவிடத்தைச் சேர்ந்தார். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜெர்மானியரும் அவரே. அடுத்த ஜெர்மானியர் அதை வெல்ல நாற்பது ஆண்டுகள் ஆயின.

அதன்பின் உடல் அவரைச் சோதித்தது. 1965இல் இடுப்பில் ஏற்பட்ட முறிவு அவரை நெடுநாள் முடக்கியது. இருந்தும் அதே ஆண்டு ஸ்பெயினின் சான் செபாஸ்தியானில் நடந்த உலகச் சாலைப் போட்டியில் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சனோடு இருவராகப் பிரிந்து வந்து, இறுதிப் பாய்ச்சலில் தோற்று, வெள்ளி பெற்றார். 1966 பிரான்ஸ் சுற்றின் முதல் கட்டத்தை வென்று மஞ்சள் சட்டையை ஒரு வாரத்துக்கும் மேலாக அணிந்திருந்தார். அந்த ஆண்டின் உலகப் போட்டி அவருடைய சொந்த நாட்டில், ஐஃபெல் மலைப்பகுதியின் நூர்பர்க்ரிங் சுற்றுப்பாதையில், ஆகஸ்டு 28 அன்று நடைபெற்றது. கார்ப் பந்தயங்களுக்காகக் கட்டப்பட்ட அந்தப் பாதை காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் 22 கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது. வீரர்கள் அதைப் பன்னிரண்டு முறை சுற்ற வேண்டியிருந்தது.

உலகப் போட்டியில் வீரர்கள் வணிக அணிகளைக் களைந்து நாட்டின் சட்டை அணிகிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் உடன் உழைத்த உறவுகளும் பகைகளும் சட்டையோடு கழன்று விடுவதில்லை. இறுதிக் கட்டத்தில் முன்னே இருந்தவர்கள் பிரான்சின் ஆங்கெத்திலும் ரேமோன் பூலிதோரும் இத்தாலியின் ஜியானி மொத்தாவும். பிரெஞ்சு வீரர் இருவர் இணைந்து உழைத்திருந்தால் அவர்களுள் ஒருவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். ஆனால் ஆங்கெத்திலும் பூலிதோரும் பிரான்சையே இரண்டாகப் பிரித்த போட்டியாளர்கள். அந்தக் கோடையின் பிரான்ஸ் சுற்றில் தமக்கு வெற்றி இல்லை என்றானதும், பூலிதோர் வெல்லாதிருக்கும்படி ஆங்கெத்தில் தம் அணியின் லூசியன் ஏமாருக்குத் துணைநின்றிருந்தார். நூர்பர்க்ரிங்கிலும் ஒருவர் காற்றைத் தாங்கினால் மற்றவர் அதன் பயனை அடைவார் என்ற அச்சம் இருவரையும் தயங்க வைத்தது. அந்தத் தயக்கத்தின் இடைவெளியில் ஆல்டிக் பின்னாலிருந்து வந்து சேர்ந்தார். இறுதிப் பாய்ச்சலில் அவர் முதல், ஆங்கெத்தில் இரண்டாவது, பூலிதோர் மூன்றாவது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெர்காமோ வரை தாம் தள்ளிச் சென்ற மனிதரை, தம் நாட்டு மக்களின் முன்னிலையில், தோளோடு தோளாக அவர் வென்றார். ஸாக்ஸன்ரிங்கில் ஷூர் தம் வலிமையைத் தோழருக்காக அடக்கினார், அவர் நாடு வென்றது. நூர்பர்க்ரிங்கில் இரு பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் அடக்கிக்கொண்டார்கள், அவர்கள் நாடு தோற்றது. வலிமையைச் செலவிடாமல் வைத்திருப்பதும் ஒரு செயலே என்பதையும், அது யாரை நோக்கிச் செய்யப்படுகிறது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதையும் இந்த இரு பந்தயங்களும் அருகருகே வைத்துக் காட்டுகின்றன.

அந்த வெற்றியின்மீது படிந்த நிழலையும் மறைக்க இயலாது. ஊக்கமருந்துச் சோதனைகள் அப்போதுதான் அறிமுகமாகியிருந்தன. 1966 பிரான்ஸ் சுற்றில் வீரர்கள் அதற்கெதிராகக் கிளர்ச்சி செய்திருந்தனர். நூர்பர்க்ரிங்கில் முன்வரிசையில் முடித்தோர், ஆல்டிக் உட்பட, சோதனைக்கு உடன்பட மறுத்தனர். தண்டனை அறிவிக்கப்பட்டுப் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட, முடிவு அப்படியே நிலைபெற்றது. 1969 பிரான்ஸ் சுற்றில் ஆல்டிக்கின் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டு, அக்கால விதிப்படி அவருக்கு 15 நிமிடங்கள் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டது. ஓடும் மருந்துக்கடை என்ற பொருள்படும் பட்டப்பெயரும் ஜெர்மன் நாளிதழ்களில் அவருக்கு வழங்கியது. வீரர்கள் ஊதியத்துக்கு உழைக்கும் தொழிலாளர்கள், அவர்களை நல்லொழுக்க விளையாட்டின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது அவர் தலைமுறையின் பொதுவான வாதம். அந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு: ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள் பந்தயம், கோடையில் சாலை, குளிர்காலத்தில் ஆறுநாள் இரவுகள், ஒப்பந்தம் இழந்தால் வருமானமே இல்லை என்ற நிலை ஆகியவை அந்த உடல்கள்மீது சுமத்தப்பட்டிருந்தன. ஆனால் அந்த வாதம் மறைத்த உண்மை அதைவிடப் பெரியது. சான் செபாஸ்தியானில் ஆல்டிக்கை வென்ற டாம் சிம்ப்சன் 1967 ஜூலை 13 அன்று வான்டூ மலையின் ஏற்றத்தில் வெயிலில் விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்ஃபெட்டமைன் கண்டறியப்பட்டது. மருந்தினால் கூட்டப்படும் வலிமை உடலிடமிருந்து வாங்கப்படும் கடன். அந்தக் கடனைத் தோழர் எவரும் பகிர்ந்துகொள்ள முடியாது. காற்றைப் பங்கிட அறிந்த ஒரு தலைமுறை, இந்த ஒரு சுமையை ஒவ்வொருவரும் தனியே சுமக்கும்படி விட்டுவிட்டது. ஆல்டிக்கைப் போற்றுவோர் இதைச் சொல்லாமல் கடப்பது, அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மூச்சை ஆளக் கற்ற அதே மனிதர் மருந்தையும் நாடினார் என்ற முரண் அவருடைய காலத்தின் முரணும் ஆகும்.

வேகம் குறையத் தொடங்கிய வயதிலும் அவர் பெரும் வெற்றிகளைப் பெற்றார். 1968இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றார். 1969 பிரான்ஸ் சுற்றின் தொடக்கமாக ரூபேயில் நடந்த குறுகிய நேரப் பந்தயத்தில், தம் முதல் பிரான்ஸ் சுற்றிலேயே பிற அனைவரையும் வீழ்த்தவிருந்த எடி மெர்க்ஸை முந்தி மீண்டும் மஞ்சள் சட்டை அணிந்தார். அப்போது அவருக்கு வயது 32. மான்ஹைமின் துரத்தல் வீரர் அந்தச் சில கிலோமீட்டர்களில் மறுபடி வெளிப்பட்டார். 1971இல் ஓய்வு பெற்றபின் மேற்கு ஜெர்மனியின் தேசியப் பயிற்சியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் தொலைக்காட்சி வருணனையாளராக அடுத்த தலைமுறைகளுக்கு அறிமுகமானார். 2016 ஜூன் 11 அன்று காலமானார். அவரது 1966 வெற்றிக்குப்பின் அரை நூற்றாண்டு கடந்தும் வேறெந்த ஜெர்மானியரும் ஆடவர் தொழில்முறை உலகச் சாலைப் பந்தயப் பட்டத்தை (நேரப் பந்தயம் நீங்கலாக) வெல்லவில்லை.

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் இறுதி முடிவுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்த அளவுகோலின்படி ஆங்கெத்தில் ஐந்து முறை பிரான்ஸ் சுற்றை வென்றவர், ஆல்டிக் ஒருமுறையும் வெல்லாதவர். ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒருவருடைய சக்கரத்தின் மறைவில் எத்தனை பேர் எத்தனை தொலைவு வந்தனர் என்பதை எந்த முடிவுப் பட்டியலும் குறிப்பதில்லை. ஆல்டிக்கின் வாழ்க்கை வரலாற்றைப் பொருளுள்ளதாக்குவது பெரிதும் அந்தப் பதிவாகாத பகுதியே: அவர் தாமே வென்ற நாட்களில் கடைசித் துளி வரை செலவிட்டார், பிறருக்காக உழைத்த நாட்களிலும் அதே அளவு செலவிட்டார், இரண்டுக்கும் இடையே அவர் வேறுபாடு கண்டதாகத் தெரியவில்லை. சிக்கனம் பெருஞ்சுற்றுகளை வெல்லும் அறிவுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் எல்லோரும் சிக்கனமாக இருந்தால் காற்றை முதலில் தாங்குவதற்கு ஒருவரும் முன்வரமாட்டார்கள், பந்தயமே நகராது. கணக்குப் பார்த்து வெல்பவர்களின் புகழுக்கு அடியில், கணக்குப் பார்க்காமல் முன்னே சென்றவர்களின் உழைப்பு எப்போதும் இருக்கிறது. அந்த உழைப்பைக் கொடுத்தும் தாமும் வென்று காட்டிய வெகுசிலருள் ரூடி ஆல்டிக் ஒருவர் என்பதால், மிதிவண்டிப் பந்தயத்தை அறிய விரும்பும் எவரும் வெற்றியாளர்களின் அட்டவணைக்கு முன் அவருடைய பந்தயங்களைப் படித்தறிவது தகும்.